நண்டுக்கு ஒரு நல்ல நாள்

வீடு குடிபுக நாள் பார்ப்பார்கள், காது குத்த நாள் பார்ப்பார்கள். வெள்ளவத்தையில் நண்டு தின்ன நாள் பார்த்த குடும்பம், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.

அதற்காக ஐயரிடமோ சுவாமியாரிடமோ போகவில்லை. குசினிச் சுவரில் தொங்கும் இரண்டு கலண்டர்களே போதுமாக இருந்தன. ஒன்று செட்டியார் தெரு நகைக்கடைக்காரர் தந்த முருகன். மற்றது கொட்டாஞ்சேனையிலிருந்து மாமி வருடாவருடம் கொடுத்தனுப்பும் மாதா. நான் யாழ்ப்பாணத்துச் சைவம், வெள்ளவத்தைப் பதிப்பு. மனைவி புனித லூசியாள் பேராலயத்து மணிச்சத்தம் கேட்டு வளர்ந்த கத்தோலிக்கப் பெண். கலியாணம் பேசியபோது தாலி கோயிலிலா சேர்ச்சிலா என்று இரண்டு வீட்டாரும் மாதக்கணக்கில் வாதாடினார்கள். வெள்ளிக்கிழமை என்ன சமைப்பது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தவக்காலத்து வெள்ளியில் மாமி வீட்டில் இறைச்சி கிடையாது. ஆகவே மீன். எங்கள் வீட்டில் எந்த வெள்ளியிலும் மீன்சட்டி அடுப்பை எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. அம்மா அதை வியாழன் இரவே பல்கனிக்கு நாடுகடத்திவிடுவார். ரோமாபுரியின் கணக்கில் மீன் இறைச்சியில் சேராது. அம்மாவின் கணக்கில் முட்டையே மச்சம். இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்த மகனுக்கு நாலு வயது. அவன் இரண்டு சமயத்தையும் சமமாக மதிக்கிறவன். இறைச்சியும் தொடமாட்டான், மீனும் தொடமாட்டான். புட்டு, சீனி, வாழைப்பழம். இதுவே அவனுடைய மதம்.

“கடலுக்குப் பக்கத்திலேயே சுடச்சுடப் பொரிச்சுக் குடுத்தால் சாப்பிடுவான்” என்றாள் மனைவி. அந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

“வெள்ளவத்தையில இருந்துகொண்டு கடல் பார்க்கப் போறியளோ?” என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். அவர்களுக்கு எங்கள் கடலைத் தெரியாது. காலி வீதியிலிருந்து எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் தண்டவாளம், அதைத் தாண்டினால் கருங்கல், அதற்குப் பிறகுதான் கடல். மே மாதம் சோளகம் எழும்பிவிட்டால் அந்தக் கல்லும் போதாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்துபோய், காற்று வாங்கி, கடலை வெளியே நின்று விசாரித்துவிட்டுத் திரும்பலாம். கால் நனைக்க வேண்டுமானால் கல்கிசைக்குப் போக வேண்டும்.

காலிமுகத்திடல் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையைக் கட்டி முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகவென்று கல்லிலே பொறித்து, பின்னால் வருகிற தேசாதிபதிகளிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஆண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. காசு கொடுக்க ஒருவன் எப்படியும் கூட வருவான் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே விற்கும் இஸ்ஸோ வடை மட்டும்தான் எங்கள் குடும்பத்துக்கென்றே கண்டுபிடித்த பண்டம்: கீழ்த்தட்டு பருப்பு வடை, மேல்தட்டு இறால். மகன் கீழ்த்தட்டைத் தின்பான், நான் மேல்தட்டைத் தின்பேன். அம்மா இரண்டு தட்டுக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கப்பல் எண்ணுவார்.

சரி, கிழக்கே பாசிக்குடாவுக்குப் போவோம் என்று முடிவானது. மேற்கில் சோளகம் அடிக்கிற மாதங்களில்தான் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் தலைகீழ். நீர்கொழும்பு மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கணக்கில்தான் படகையும் வலையையும் கட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமும் திருகோணமலைப் பக்கமும் போய், வாடி போட்டுத் தொழில் செய்தார்கள். அவர்கள் காற்றைப் பார்த்தால் போதும். நாங்கள் காற்றோடு கந்தசாமியாரையும் பார்க்க வேண்டும்.

ஓகஸ்ட் நல்ல மாதம், பள்ளிக்கூட விடுமுறை என்றேன். நல்லூரில் கொடி ஏறினால் வெள்ளவத்தையில் எங்கள் மீன்சட்டி இறங்கிவிடும் என்பது நினைவில் இல்லாததுபோல அம்மா என்னைப் பார்த்தார். 25 நாள். அதற்கு முன்னால் அப்பாவுக்கு ஆடி அமாவாசை. அதற்கு முன்னும் பின்னும் ஆடிச் செவ்வாய், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வருகிற ஆடிவேல். சைவத்துக்கு இவ்வளவென்றால் கத்தோலிக்கம் சும்மா விடுமா? ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழா. மாமி ஒரு கிழமைக்கு முதலே சட்டி பானையோடு காட்டுக்குப் போய்விடுவார்.

மற்ற மாதங்களைப் புரட்டினேன். கேதார கௌரி விரதம் 21 நாள். கந்த சஷ்டி 6 நாள். பிள்ளையார் பெருங்கதை இன்னொரு 21. திருவெம்பாவை 10. பிறகு தைப்பூசம், சிவராத்திரி. அது முடிய மாமியின் தவக்காலம் 40 நாள். அதில் மீனை விடமாட்டார், உல்லாசப் பயணத்தை விட்டுவிடுவார். இத்தனை நாளும் எங்களுடைய தயவில் உயிர் பிழைக்கிற மீன்கள் இந்து சமுத்திரத்தில் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவற்றுக்கும் ஒரு கலண்டர் இருந்தால் அதில் எங்கள் குடும்பப் படம்தான் இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் வெட்டிக்கொண்டே போனதில் கடைசியாக ஜூனில் ஒரு துண்டு மிஞ்சியது. 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளும், பொசன் போயாவும் கழிந்த பிறகு. ஜூலை 2 மடு ஆடித் திருவிழாவுக்கு முன்பு. நடுவில் ஆனி உத்தரம் விழுந்தால் அன்றைக்குக் கத்தரிக்காய் என்று அம்மா பெருந்தன்மையாக இறங்கி வந்தார். சனிக்கிழமை போய் வியாழக்கிழமை திரும்பினால் வெள்ளியும் தப்பும்.

கலண்டரில் அச்சடிக்காத ஆபத்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது: துடக்கு. உறவில் ஒருவர் கண்ணை மூடினால், நெருக்கத்தைப் பொறுத்து எட்டுச் செலவு வரைக்கோ 31ஆம் நாள் வரைக்கோ மச்சம் இல்லை. முந்தி எங்கள் உறவு கோண்டாவிலிலிருந்து கொக்குவில் வரைக்கும்தான். இப்போது ஒஸ்லோ, இலண்டன், ஸ்காபரோ என்று பரந்துவிட்டது. அதனால் துடக்கும் இருபத்துநாலு மணிநேர சேவையாகிவிட்டது.

கோட்டையில் உதயதேவிக் கோச்சி ஏறினோம். மாகோ, கல்ஓயா, பொலன்னறுவை என்று அது மூச்சு வாங்கிப் போகையில், இஸ்ஸோ வடைக்காரர் பெட்டி பெட்டியாகக் கூவிக்கொண்டு வந்தார். அம்மா யன்னலுக்கு வெளியே யானை தேடினார்.

பாசிக்குடாவைக் கண்டதும் எனக்கு அதன்மேல் காதல் வந்துவிட்டது. நீந்தத் தெரியாதவனுக்கென்றே கடவுள் செய்த கடல் அது. பவளப்பாறை அலையை வெளியிலேயே மறித்துவிடுகிறது. எவ்வளவு தூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேலே ஏற யோசிக்கிறது. கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் பெரிய நீச்சல்காரனாகவே தெரிந்திருப்பேன். அம்மா சேலையோடு இறங்கி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, கீரிமலையில் முழுகுவதுபோல மூன்று முழுக்குப் போட்டார். பக்கத்தில் காற்றடைத்த வாத்தோடு மிதந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர் மரியாதையாக விலகி நின்றார்.

மகன் இறங்கவில்லை. கரையில் குந்தியிருந்து வலமும் இடமும் மாறி மாறிப் பார்த்தான்.

“அப்பா, கோச்சி எப்ப வரும்?”

1895இலேயே மாத்தறையை எட்டிவிட்ட கரையோர ரயில்பாதை அவனுடைய தலையில் அப்படிப் பதிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்த கடலுக்கெல்லாம் முன்னால் ஒரு கோச்சி ஓடும். கோச்சி ஓடாத தண்ணீர் குளமாக இருக்கலாம், கடலாக இருக்க முடியாது. வந்த கோச்சி கல்குடாவில் நிற்கிறது, இங்கே வராது என்று விளக்கினேன். அப்படியானால் கடலையும் கல்குடாவில் வைத்திருக்கலாமே என்றான். அந்த விவாதத்தில் நான் இன்னும் வெல்லவில்லை. ஏறக்குறைய 300 கிலோமீற்றர் வந்து, நாட்டின் மிக அழகான கடற்கரைகளில் ஒன்றில், அவன் பெரும்பாலான நேரம் கோச்சிக்குக் காத்திருந்தான்.

மனதை மாற்ற மட்டக்களப்புக்குக் கூட்டிப்போனோம். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்று சொல்லிவைத்தேன். கதை இல்லை, யேசு சபைப் பாதிரியார் லாங் வாவிக்குள் ஒலிவாங்கி இறக்கி அந்த ஒலியைப் பதிவுசெய்தார், இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பானது. பாடுவது மீனா, சிப்பியா, நத்தையா என்பதில் இன்றுவரை வழக்கு முடியவில்லை. பறுவ இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் கேட்குமாம். நாங்கள்தான் போயாவைத் தவிர்த்து நாள் வைத்தவர்களாயிற்றே! துடுப்புக்குப் பதில் வாகன ஹோர்ன் கேட்டது.

“பறுவத்தில மட்டும் ஏன் பாடுது?” என்று கேட்டாள் மனைவி.

“அண்டைக்குத்தானே ஒருதரும் மீன் தின்னுறதில்லை” என்றார் அம்மா. “சந்தோசம் இருக்காதே அதுகளுக்கு?”

மட்டக்களப்பின் மீனியல் ஆய்வுக்கு எங்கள் குடும்பத்தின் பங்களிப்பு இது.

இனி நண்டு. இலங்கையின் பெரிய களப்பு நண்டுகளைக் கண்ணால் காண்பது சுலபமில்லை. சிங்கப்பூர்க்காரர் பெருமையடிக்கிற சில்லி நண்டுக்கு நல்ல நண்டு போவது இங்கிருந்துதான். எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப்போலவே கொஞ்சம் சதை வைத்தால் வெளிநாடு போய்விடுகின்றன. மிஞ்சியவற்றில் நல்லதைக் கொழும்பிலேயே பிடித்து வைக்க சமையல்காரர் தர்ஷன் முனிதாசவும் கிரிக்கெட் வீரர்கள் மஹேலவும் சங்கக்காரவும் சேர்ந்து 2011இல் பழைய டச்சு ஆஸ்பத்திரியில் ‘மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்’ திறந்தார்கள். அங்கே நண்டுக்கு நிறை பார்த்து விலை. அந்த அமைச்சை நான் கோட்டைக்குப் போகும்போது வெளியிலிருந்து வணங்குவதுண்டு.

ஆகவே, வாழைச்சேனையில் உயிரோடு வாங்கி, நாங்கள் தங்கிய சின்ன விடுதியின் அக்காவிடம் கொடுத்தோம். அவர் அடுப்பில் சட்டி வைத்ததும், மச்சத்தின் வாசமே ஆகாது என்று வராந்தாவில் இருந்த அம்மா, கதிரையை மெல்ல மெல்லக் குசினி வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். “உள்ளியைத் தட்டிப் போடு பிள்ளை.” “முருங்கையிலை கடைசியிலதான்.” “புளியைக் குறை.” அப்பா போனபிறகு நாக்கில் மச்சம் வைக்காதவர், ஒரு பிடி பிசகாமல் முழுக் கறியையும் வாயாலேயே சமைத்து முடித்தார்.

சட்டி மேசைக்கு வந்தபோதுதான் ஓர் உண்மை விளங்கியது. நண்டு தின்ன இரண்டு கையும் வேண்டும். நாலு வயதுப் பிள்ளையின் தாய் தகப்பனுக்கு ஆளுக்கு ஒரு கைதான் உண்டு. மனைவி ஓட்டை உடைத்தால் மகனுக்கு டொய்லட். நான் காலைக் கடித்தால் மகனுக்குத் தாகம். நடுவில் அவனுக்கு ஒரு துண்டு பாரை பொரித்துவைத்து நடந்த பேச்சுவார்த்தை வேறு. 2020 நவம்பரில், பேலியகொடைச் சந்தைக் கொரோனாவுக்குப் பயந்து நாடே மீனை விட்டபோது, முன்னாள் மீன்பிடி அமைச்சர் திலிப் வெதஆராச்சி செய்தியாளர்களுக்கு முன்னால் ஒரு பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். நானும் அதே முறையில் பொரித்த மீனைக் கடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டிக் காட்டினேன். மகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு வாழைப்பழம் கேட்டான்.

ஒருவழியாக அவனுடைய கையில் என் போனைக் கொடுத்து, கோச்சி வீடியோ போட்டுவிட்டு, நாங்கள் இரண்டு கையையும் சட்டிக்குள் இறக்கிய நேரம், போன் டிங் என்றது. மேலே ஒரு வரி எட்டிப் பார்த்தது. ஸ்காபரோ. ‘பெரியப்பா இண்டைக்கு...’ அதற்குமேல் திரையில் இடமில்லை. தொண்ணூறு கடந்து, மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவர்.

நண்டுக்கால் என் வாய்க்கும் சட்டிக்கும் நடுவில் நின்றது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். திறந்து வாசித்தால் துடக்கு. வாசிக்காவிட்டால்? அங்கே இன்னும் விடியவில்லை, சாவகாசமாக...

அதற்குள் மகன் விரலால் தட்டிவிட்டான். செய்தி திறந்துகொண்டது. அந்தப் பக்கத்தில் இந்நேரம் நீலக்குறி விழுந்திருக்கும்.

அம்மா எழும்பி வந்து, அவன் கையிலிருந்த போனை வாங்கி, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“பிள்ளைதானே திறந்தது. அவனுக்கு நேர்சரியில இன்னும் ஆனா ஆவன்னாவே முடியேல்லை. நீங்கள் ஆறமுதல் சாப்பிடுங்கோ.”