தோன்றா எழுவாய்: மேசைக் கணினி தானாக அணைவது குறித்து ஓர் இலக்கண ஆராய்ச்சி

மேசைக் கணினி வேலையின் நடுவே சட்டென்று உயிர்விடுவதைத் தமிழர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். "சிஸ்டம் தானா ஆஃப் ஆயிடுது" என்பது பெருவழக்கு. "ட்ரிப் ஆகுது" என்பது வயரிங் தெரிந்தவர் வழக்கு. "அணைந்துவிடுகிறது" என்பது புகார்க் கடிதம் எழுதுவோர் வழக்கு. மூன்றிலும் ஒரே குறை: விளக்கு அணைந்தது, அடுப்பு அணைந்தது என்பதுபோல, செய்தவர் எவரும் இல்லாமல் செயல் மட்டும் நடந்துவிட்டதாக இவை காட்டுகின்றன. தன்வினையாகச் சொல்லப்பட்ட குற்றத்தில் குற்றவாளியைத் தேட முடியாது. ஆகவே இவ்வாராய்ச்சி ஓர் எழுத்துத் திருத்தத்தில் தொடங்குகிறது. 'அணைந்தது' என்பதில் உள்ள மெல்லின ஒற்றை நீக்கி வல்லின ஒற்றை இட்டு 'அணைத்தது' என்று வாசித்தால், 'யார்?' என்ற கேள்வி தானே எழும். கணினி அணைவதில்லை, அணைக்கப்படுகிறது. அணைத்தவர் வாக்கியத்தில் முகம் காட்டாத தோன்றா எழுவாய். பழுது பார்த்தல் என்பது அந்த எழுவாயை வருவித்துக்கொள்ளும் வேலையே என்பது நம் கட்சி.

மூன்றாம் வேற்றுமையைப் பாடம் படித்தவர்களுக்குக் கருத்தா இருவகை என்பது நினைவிருக்கும். கோயிலைத் தச்சனும் கட்டினான், அரசனும் கட்டினான். முன்னவன் இயற்றுதற் கருத்தா, பின்னவன் ஏவுதற் கருத்தா. பழைய ஏடி வகைக் கணினியில் இந்தப் பாகுபாட்டுக்கு இடமில்லை. முகப்பில் இருந்த பொத்தான் மின்சாரத்தையே நேராகத் துண்டித்தது. அழுத்திய விரலே அரசன், அதுவே தச்சன். 1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பை வெளியிட்ட பின்பு பொத்தான் வெறும் விண்ணப்பப் படிவம் ஆயிற்று. விண்ணப்பத்தைப் பெறுவது மதர்போர்டு. அது கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிக்கு ஒரு பச்சைக் கம்பி வழியாக ஆணை அனுப்புகிறது. இந்த ஆணையில் ஒரு விசித்திரம் உண்டு. 'அணை' என்றொரு கட்டளையே அதில் கிடையாது. பச்சைக் கம்பியின் மின்னழுத்தத்தை மதர்போர்டு கீழே இழுத்துப் பிடித்திருக்கும் வரை 'ஓடு, ஓடு' என்று பொருள். பிடியை விட்டால் எஸ்எம்பிஎஸ் ஓய்ந்துவிடும். பதிலுக்குச் சாம்பல் நிறக் கம்பி வழியாக எஸ்எம்பிஎஸ் 'இங்கு நலம்' என்று ஓயாமல் தெரிவித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த நலச் செய்தி நின்றாலும் ஆட்டம் முடிந்தது. இப்போது வரும் பல பெட்டிகளில் எல்லாக் கம்பிகளுக்கும் கறுப்பு உறை போட்டு, ஆராய்ச்சியாளரின் கடைசி வசதியையும் பறித்துவிட்டார்கள்.

எந்த அரசன் ஏவினாலும் மின்சாரத்தை நிறுத்தும் கை எஸ்எம்பிஎஸ்ஸின் கைதான். அதனால்தான் ஊரில் முதலில் மாட்டிக்கொள்வதும் அதுவே. "எஸ்எம்பிஎஸ் போயிருச்சு, புதுசு மாத்திடலாம்" என்பது கோயில் கோணலாக இருந்தால் தச்சனைத் தூக்கிலிடும் நியாயம். தச்சன் தானாக உளியைக் கீழே போடுவதும் உண்டு என்பதை மறுக்கவில்லை. 12 வோல்ட் தடம் 11.40-க்கும் 12.60-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி. கிராபிக்ஸ் அட்டை திடீரென்று அதிகம் இழுத்தாலோ, எங்கேனும் ஷார்ட் ஆனாலோ, நல்ல எஸ்எம்பிஎஸ் தன்னையும் பிறரையும் காக்கத் தானே நிறுத்திக்கொள்ளும். அப்படி நிறுத்தியது தச்சனேதானா என்று அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. பாதுகாப்புக்காக நிறுத்திய எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முகப்புப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசையாது. சுவர் சுவிட்சை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் இறங்கிவரும். கோபித்துக்கொள்ளத் தெரியாத மலிவுப் பெட்டி கோபிக்க வேண்டிய இடத்தில் புகைகிறது. இந்தக் கணக்கில் பார்த்தால், அணைத்த பெட்டிக்கு நாம் நன்றி சொல்லியிருக்க வேண்டும், திட்டியிருக்கிறோம். (பெட்டியைத் திறந்து உள்ளே பார்க்கும் ஆவலை மட்டும் அடக்கிக்கொள்வது நல்லது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும்.)

அரசர்களில் மிகவும் அவதூறுக்கு ஆளானவர் பிராசசர். இன்டெல்லின் பல மேசைப் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லைக்கோடு. அதைத் தொட்டதும் அது அணைக்கச் சொல்வதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால்தான் கடைசி அபாயக் குறி எழுந்து, பச்சைக் கம்பியின் பிடி விடப்படுகிறது. இந்தப் படிநிலை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. 2001-இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் தலையிலிருந்து ஹீட் சிங்கைப் பிடுங்கிப் படமெடுத்தார்கள். பென்டியம் 4 தள்ளாடித் தள்ளாடி வேலையைத் தொடர்ந்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது. அத்லான்கள் புகைந்து போயின. 'ஏன் அணைந்தாய்?' என்று இன்றைய பிராசசரைக் கேட்பவர், அணையத் தெரியாத முன்னோரின் கதியை ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். வெப்பத்தால் வரும் அணைப்புக்கும் தனிக் கையெழுத்து உண்டு. முன்னதாக மின்விசிறி இரைகிறது, திரை மந்தமாகிறது. அணைந்த பிறகு பொத்தானை அழுத்தினால் உயிர் வருகிறது. ஆனால் முதல் முறை நாற்பது நிமிடம் தாங்கியது அடுத்த முறை பத்து நிமிடம்தான் தாங்குகிறது. ஆக, 'திடீரென்று' என்ற வினையடை கணினியைப் பற்றியதே அன்று. விசிறி இரைந்தபோது காது கொடுக்காதவரைப் பற்றியது. தூசி அடைத்த ஹீட் சிங்கை ப்ளோயரால் ஊதி, காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக இடுவதுதான் இங்கே பரிகாரம்.

இங்கு எதிர்க்கட்சியார் எழுந்து, "இவ்வளவு எதற்கு? வைரஸ்தான் காரணம், ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்பர். இதற்கு வரலாற்றிலேயே விடை இருக்கிறது. கணினியை அணைப்பதில் பெரும்புகழ் பெற்றது 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்னும் புழு நிரல். அதுகூட 60 விநாடி அவகாசம் தந்து, திரையில் நொடிகளை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் அணைத்தது. மென்பொருள் அணைக்கும்போது பொதுவாக விடைபெற்றுக்கொண்டு போகும். விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேட்டில் 1074 என்ற எண்ணில், யார் சொல்லி அணைந்தது என்று பெயரோடு பதிவாகும். அப்டேட் போட்டுக்கொண்டு நள்ளிரவில் மறுதொடக்கம் ஆகும் கணினியும் இந்த மரியாதையைச் செய்துவிட்டே போகிறது. நீலத் திரை விழுந்தால் அது தன் பிழை எண்ணைச் சொல்லி மறுதொடக்கம் ஆகும். கறுத்துப் போய்க் கிடக்காது. விடைபெறாமல் போன கணினியோ அடுத்த பிறவியில் கண் விழித்ததும் 41 என்று எழுதிவைக்கிறது. உடன் 6008-உம் சேரும். 'போன பிறவியில் ஒழுங்காகச் சாகவில்லை' என்பதற்கு மேல் அவற்றில் பொருளில்லை. ஆனால் 41-இன் பக்கத்தில் 'கெர்னல் பவர்' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பவர் என்றால் எஸ்எம்பிஎஸ்தானே என்று மறுபடியும் தச்சன் வீட்டுக்கே ஆள் அனுப்புகிறார்கள். அந்தப் பதிவின் உள்ளே பிழைக்குறி எண் சுழியமாக இருந்தால், விண்டோஸுக்கே செய்தி எட்டும் முன் காரியம் முடிந்துவிட்டது என்று கொள்வதே பெரும்பாலும் பொருந்தும். சாட்சி ஒன்றும் பார்க்கவில்லை. ஆனால் பார்க்கவில்லை என்று சொல்வதே சாட்சியம். நம் பழைய தருக்க நூலார் இன்மையையும் ஓர் அளவையாக வைத்தது வீண் போகவில்லை. ஃபார்மட் போட்ட பின் சில நாள் நன்றாக ஓடியதே என்றால், மென்பொருள் ஏதுமற்ற புதுக் கணினி சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதற்குச் சூடேறாது.

ரப்பர் கட்சியார் இன்னொரு பிரிவினர். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் தீராத நோயில்லை என்பது அவர்கள் கொள்கை. ரேம் சரியாகப் பொருந்தாத கணினி பீப் ஒலி எழுப்பும், உறையும், நீலத் திரை காட்டும். முழு மின்சாரத்தையும் துண்டிப்பது அதன் இயல்பன்று. தேய்த்தவுடன் சரியானதென்றால், தேய்ப்பதற்காகப் பெட்டியைத் திறந்ததையும் கம்பிகளை எல்லாம் அழுத்தி மாட்டியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் சில்லறைக்காசு பேட்டரியை மாற்றச் சொல்வோருக்கும் இதுவே பதில். அது தீர்ந்தால் கடிகாரம் பின்தங்கும், மதர்போர்டின் அமைப்புகள் மறந்துபோகும், அவ்வளவே. முகப்புப் பொத்தானை மட்டும் எவரும் சந்தேகிப்பதில்லை. அதை 4 நொடி விடாமல் அழுத்தினால் மதர்போர்டு எதையும் கேட்காமல் அணைத்துவிடும். பிசுக்கேறி உள்ளேயே சிக்கிக்கொண்ட பொத்தானுக்கும் அழுத்தும் விரலுக்கும் மதர்போர்டுக்கு வேறுபாடு தெரியாது. போட்டவுடன் ஒவ்வொரு முறையும் நாலைந்து நொடியில் கணக்காக அணையும் கணினியின் எழுவாய் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக் துண்டுதான்.

அரசனும் இல்லை, தச்சனும் இல்லை, கல் வண்டியே வரவில்லை என்ற நிலையும் உண்டு. சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஒரு கணம் சிமிட்டினால் எஸ்எம்பிஎஸ் தன் சேமிப்பைக்கொண்டு ஏறத்தாழ 16 மில்லிநொடி சமாளிக்க வேண்டும் என்கிறது ஏடிஎக்ஸ் வழிகாட்டி. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. ஒரே ஒரு சுற்று தவறினால்கூடத் தாங்குவதற்கு உறுதியில்லை என்று இதற்குப் பொருள். அந்தச் சிமிட்டலை மேலே சுழலும் மின்விசிறி உணராது. "கரண்ட் எல்லாம் இருந்துச்சு" என்று வீட்டார் ஒருமுகமாகச் சாட்சி சொல்வார்கள். அதற்குத்தானே யுபிஎஸ் என்றால், அங்கேதான் வாதம் சுவைபெறுகிறது. சிறிய யுபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியின் ஆயுள் இரண்டு மூன்று ஆண்டு. அதன் பிறகும் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். மின்சாரம் இருக்கும்வரை யுபிஎஸ் உயிரோடிருப்பதுபோலவே நடிக்கும். சிமிட்டும் கணத்தில் பொறுப்பை வாங்கிக்கொள்ள முயன்று, கையில் ஒன்றும் இல்லாமல் கணினியையும் சேர்த்துக் கவிழ்க்கும். டிடிபி கடைகளில் லேசர் பிரிண்டரையும் அதே யுபிஎஸ்ஸில் செருகியிருப்பார்கள். அதன் சூடேற்றி விழித்தெழும்போது இழுக்கும் மின்சாரத்துக்கு அந்தச் சிறு பெட்டி ஈடுகொடுக்காது. "பிரிண்ட் கொடுத்தா சிஸ்டம் ஆஃப் ஆகுது, பிரிண்டர்ல வைரஸ்" என்பது அங்கே பிறக்கும் துணிபு.

கடைசித் தடை ஒன்று மிச்சம். "எழுவாயைத் தேடித் தேடிச் சலித்து, கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் அங்கே இரண்டு நாள் ஓடியும் ஒரு முறைகூட அணையவில்லையே, உங்கள் ஆராய்ச்சி என்ன ஆயிற்று?" மெக்கானிக் முன்னால் கணினி நல்ல பிள்ளையாகிவிடுவது உலகறிந்த செய்தி. அதை விதியின் விளையாட்டு என்று எடுத்துக்கொள்வோர் ஏழாம் வேற்றுமையை மறந்தவர்கள். மாறியது கணினி அன்று, இடம். கடை மேசையில் அது வேறு பிளக்கில், வேறு பவர் கார்டில், யுபிஎஸ் இல்லாமல், பக்கப் பலகை கழற்றப்பட்டு, காற்றோட்டமாக ஓடியது. ஆகவே "ஒண்ணும் இல்ல சார், நல்லாத்தான் இருக்கு" என்று திரும்பி வரும் கணினியே இந்த வழக்கின் மிகச் சிறந்த சான்று. ஆட்டோ கூலி தண்டமில்லை. பெட்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வீட்டில் மிஞ்சியிருப்பவர்களை விசாரிக்கலாம்: பிடி தளர்ந்து ஆடும் பிளக் பாயின்ட், ஐந்து வயதான யுபிஎஸ், சுவரோடு ஒட்டிய மேசை மாடம், அதற்குள்ளே தூசி படாமலிருக்கப் பெட்டியின் மேல் போர்த்தி, ஓடும்போதும் எடுக்கப்படாத பூப்போட்ட உறை.