நாளுக்கு ஒரு ரூபாய்

எங்கள் அலுவலக நூலகம் என்பது ஓர் இரும்பு பீரோ. மேல்தட்டில் பொன்னியின் செல்வன், நடுத்தட்டில் சுஜாதா, பாலகுமாரன், கீழ்த்தட்டில் ரமணிசந்திரன். கீழ்த்தட்டு எப்போதும் காலியாகத்தான் இருக்கும். பீரோ சாவி என்னிடம் இருப்பதால் நான் நூலகர். சம்பளம் கிடையாது, சாவி மட்டும்தான்.

ரெக்ரியேஷன் கிளப் கூட்டத்தில் எங்கள் கேஷியர் எழுந்தார். "எடுத்த புத்தகத்தை யாரும் திருப்பித் தர்றதில்ல. நாளுக்கு ஒரு ரூபா ஃபைன் போடுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகமான 'கொலைவாள்' அவர் பெயரில்தான் இருந்தது, தீபாவளிக்கு முன்னாலிருந்து. இரண்டாம் பாகத்தை முடித்தவர்கள் எல்லாம் வந்தியத்தேவன் கதி என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், கொலைவாள்..."

"வீட்ல மாமியார் படிச்சிட்டிருக்காங்க."

இதற்கு மேல் ஒரு மனிதனை என்ன கேட்பது?

ஃபைன் அமலுக்கு வந்த வாரமே கேஷியர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினார். "அட்வான்ஸா வெச்சுக்குங்க. தீர்ந்ததும் சொல்லுங்க." அதுவரை என்னைப் பார்த்தால் மாடிப்படிப் பக்கம் ஒதுங்கிப் போனவர், அன்றிலிருந்து நேருக்கு நேர் சிரித்தார். பணம் கட்டிய வாடிக்கையாளரின் சிரிப்பு அது.

இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் இதையே குழந்தைகள் காப்பகங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளையை அழைத்துப்போக நேரம் கழித்து வரும் பெற்றோருக்கு அபராதம். யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிக்கீனி என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2000இல் அந்த முடிவை வெளியிட்டார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானார்கள். ஆசிரியை முகத்தில் விழிக்கக் கூசியவர்கள், காசு கொடுத்தபின் கூச்சத்தை விட்டுவிட்டார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கிய இடம்.

கேஷியரின் அட்வான்ஸ் போக வசூலித்த பதினேழு ரூபாயைக் கட்டக் கணக்குப் பிரிவுக்குப் போனேன். "எந்தத் தலைப்புல வரவு வைக்கிறது?" என்று கேட்டார்கள். ஒருவர் ஜி.எஸ்.டி. உண்டா என்றார். இன்னொருவர் ரசீதுப் புத்தகம் அச்சடிக்க மூன்று கொட்டேஷன் வாங்கச் சொன்னார். அந்தப் பதினேழு ரூபாய் இன்னமும் ஓர் உறையில் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஆடிட் என்றாலே எனக்குக் கை நடுங்குகிறது.

மேலாளரிடமும் ஒரு சுஜாதா நாவல் இருந்தது. என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவரிடம் போய் நாற்பத்திரண்டு ரூபாய் எடுங்கள் என்று கேட்க எனக்குப் பைத்தியமா? ஜார்ஜ் வாஷிங்டன் 1789இல் நியூயார்க் சொசைட்டி நூலகத்தில் எடுத்த சட்டப் புத்தகம் திரும்பி வரவே இல்லை. 2010இல் அவருடைய மௌன்ட் வெர்னான் இல்லத்தை நிர்வகிப்பவர்கள் அதே பதிப்பில் வேறொரு பிரதியைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். நூலகம் அபராதம் வாங்கவில்லை. ஜனாதிபதிக்கே இல்லாத ஃபைன் எங்கள் மேலாளருக்கு எதற்கு?

சிகாகோ பொது நூலகம் 2019இலும் நியூயார்க் பொது நூலகம் 2021இலும் அபராதத்தை எடுத்துவிட்டன. அவர்கள் சொன்ன காரணம் நியாயமானது: காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் பாக்கிக்குப் பயந்து நூலகப் பக்கமே வராமல் போகிறார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்தக் காரணம் செல்லாது. ஒரு ரூபாய்க்குப் பயந்து வாசிப்பை விட்டவர் இங்கே ஒருவரும் இல்லை. ஒரு ரூபாய்க்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பித் தந்தவரும் இல்லை.

நூல்கள் பயன்படுவதற்கே என்று சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு முதல் விதி எழுதினார். கேஷியர் அதை மீறினார் என்று சொல்ல முடியாது. ஒருநாள் அவர் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்தபடி கொலைவாள் இருந்தது. மாமியார் இல்லை.

ஃபைனை நிறுத்தினேன். ரிஜிஸ்டரில் 'அடுத்து யார்' என்று ஒரு பத்தி போட்டேன். கொலைவாளுக்கு நேரே எழுதியிருந்த பெயர் எங்கள் வாசல் செக்யூரிட்டி அண்ணனுடையது. நைட் ட்யூட்டியில் இரண்டு பாகத்தையும் முடித்தவர். விஷயத்தை அவர் காதில் போட்டதோடு என் வேலை முடிந்தது. சாயங்காலம் கேஷியர் வண்டியை எடுக்கும்போது கேட்டருகே ஒரு குரல்: "சார், முடிச்சிட்டீங்களா?" காலையில் வண்டியை நிறுத்தும்போதும் அதே குரல். வெள்ளிக்கிழமைக்குள் புத்தகம் பீரோவுக்கு வந்துவிட்டது. திரைக்கு அடியில் இப்போது பழைய டெலிபோன் டைரக்டரி.

அண்ணன் மூன்றாம் பாகத்தை முடித்துவிட்டு நான்காம் பாகத்தை எடுத்துப் போனார். அடுத்து யார் என்ற பத்தியில் இருப்பது என் பெயர். கேட்டால், "படிச்சிட்டே இருக்கேன் சார்" என்கிறார், மாதக் கணக்கில். வாசலில் நின்று அவரை மறித்துக் கேட்க எங்கள் அலுவலகத்தில் வேறு ஆள் இல்லை.