லயங்களை விமானங்களாகப் பதிவு செய்யக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, கொழும்பு.
பிரதி: சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை.
பொருள்: ஊவா மாகாணத் தோட்ட லயங்களை ஆகாய விமானங்களாக அங்கீகரித்தல்.

மாண்புமிகு ஆணைக்குழுவினருக்கு,

பதுளை மாவட்டத்தின் பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளை, கொஸ்லாந்தை மலைகளில் வசிக்கும் தோட்ட மக்கள் பணிவுடன் சமர்ப்பிக்கும் இவ்விண்ணப்பத்தின் நோக்கம் மிகவும் எளியது: நமுனுகுலை மலைக்கு மேலே பறந்து செல்லும் விமானத்திலிருந்து உலகின் எந்த மூலைக்கும் பேசவும், தொலைநகல் அனுப்பவும், தரவு பரிமாறவும் முடிகிறது என்பதாலும், அதே மலையின் மடிப்புகளில் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் கையடக்கத் தொலைபேசி வெறும் கடிகாரமாகவே பயன்படுகிறது என்பதாலும், அந்த லயங்களை இனி விமானங்களாகவே கருத வேண்டும் என்பதாகும்.

விமானத்துக்கு அந்த வசதியைத் தரும் விமானச் செய்மதி முனையம் எனப்படுவது, விமானத்தின் முதுகில் பொருத்தப்பட்ட அலைவாங்கியும் உள்ளேயிருக்கும் தரவுக் கருவியும் சேர்ந்த ஓர் ஏற்பாடாகும். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிலைகொண்டிருக்கும் செய்மதிக்கு அது அழைப்பை அனுப்ப, செய்மதி அதைத் தரைநிலையத்திடம் ஒப்படைக்க, அங்கிருந்து அது சாதாரணத் தொலைபேசி வலையமைப்பில் சேருகிறது. குரலைச் சுருக்கி அனுப்பும் குறிமாற்றி தொலைநகலின் ஓசையைச் சிதைத்துவிடும் என்பதால் தொலைநகலுக்கெனத் தனி இடைமுகமும் உண்டு. ஒரு சொல் இவ்வளவு தூரம் ஏறி இறங்கக் கால் வினாடி பிடிப்பதைப் பயணிகள் குறையாகச் சொல்வதுண்டு. மனுக்களுக்கான பதிலை ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்துப் பழகிய தோட்ட மக்கள் இந்தத் தாமதத்தைப் பொருட்படுத்தமாட்டார்கள் என உறுதியளிக்கப்படுகிறது.

தொழில்நுட்பத் தகுதியிலும் லயம் விமானத்துக்குச் சற்றும் சளைத்ததன்று. பறக்கும் விமானம் திரும்பும்போதெல்லாம் அதன் அலைவாங்கி செய்மதியைத் தேடித் திரும்ப வேண்டியிருக்க, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய லயம் அன்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்பதால் அந்தச் செலவு மிச்சமாகிறது. தொலைபேசிக் கோபுரத்திலிருந்து பக்கவாட்டில் வரும் சிக்னலை ஒரு மலைமுகடு மறித்துவிடும். ஆனால் இந்து சமுத்திரத்தின் மேல் நிற்கும் செய்மதி பதுளை வானில் மிக உயரத்தில் இருக்கும் என்பதால் எந்த மலையும் அதை எளிதில் மறைக்க முடியாது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் அடங்கும் விதத்தைப் பார்த்தால், இருக்கை நெருக்கத்திலும் லயம் எந்த விமானத்துக்கும் ஈடுகொடுக்கும்.

முகவரி விடயத்தில் ஆணைக்குழுவின் தனிக் கவனம் கோரப்படுகிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் 24 துணுக்குகள் (பிட்) கொண்ட தனி முகவரி ஒன்று சர்வதேச ஏற்பாட்டின்படி வழங்கப்படுகிறது. அதை எட்டு இலக்கங்களாக்கி, முன்னால் 5 சேர்த்து, அதற்கும் முன்னால் இன்மர்சாட் செய்மதிச் சேவைக்குரிய 870 என்ற குறியீட்டை அழுத்தினால், அந்த விமானம் எந்தக் கடலின் மேல் இருந்தாலும் அழைக்கலாம். தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கோ வீட்டு இலக்கமும் தெருப்பெயரும் கிடையாது. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து தொழிலாளர் வேலைக்குக் கூடும் பிரட்டுக் களத்துக்கு வந்து, யாரோ ஒருவர் கையில் லயத்துக்கு வந்து சேரவேண்டும். மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் பொருளுக்கு முகவரி தர முடிந்த உலகம், தலைமுறை தலைமுறையாக அசையாதிருக்கும் வீட்டுக்கு அதைத் தரத் திணறுவது ஆய்வுக்குரிய புதிராகும்.

விமானத்துக்கு இன்னுமோர் உரிமை உண்டு. 2014இல், முனையம் ஒரு மணிநேரம் பேச்சுமூச்சின்றி இருந்தால், அது இன்னும் இணைப்பில் உள்ளதா எனத் தரைநிலையம் தானாகவே விசாரிக்கும் ஏற்பாடு இருந்தது. அவ்வாண்டு மார்ச் 8 அன்று காணாமற்போன மலேசிய விமானம் எம்.எச். 370, தரையிலிருந்து வந்த இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கும் பதில் தராதபோதும், இந்த விசாரணைகளுக்கு இன்மர்சாட் செய்மதி வழியே பதிலளித்துக்கொண்டே இருந்ததால்தான் அது தென்னிந்து சமுத்திரம் நோக்கிச் சென்றதென அறியமுடிந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் தரப்பட்டிருந்தும், மக்கள் அங்கேயே இருந்தார்கள். மணிக்கொரு தடவை விசாரிக்கப்படும் உரிமை லயத்துக்கும் இருந்திருந்தால், ஆறு ஆண்டுகளுக்கொரு எச்சரிக்கை போதுமென எவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

உயரம் போதாது என்று ஆணைக்குழு ஆட்சேபிக்கக்கூடும். 2021இல் பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்புகளுக்காக லுணுகலைப் பகுதிப் பிள்ளைகளைப் பெற்றோர் காட்டு வழியே மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, மரத்தின் மேல் ஏறத்தாழ 30 அடி உயரத்தில் கட்டிய குடிலில் அமர்த்தினர் என்பது நினைவூட்டப்படுகிறது. தேவைப்பட்டால் மேலும் ஏற மக்கள் தயாராகவே உள்ளனர். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையச் சேவை இலங்கையில் தொடங்கிவிட்டதே எனச் சுட்டிக்காட்டப்படலாம். அதன் கருவியை வாங்க ஒரு கொழுந்து பறிப்பவர் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்கவேண்டும் என்பதால், அந்த வாய்ப்பு இப்போதைக்குத் துரையின் பங்களாவுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆகவே, விமானப் பதிவு இயலாதெனில் பின்வருவனவற்றையாவது ஆணைக்குழு வேறு அமைச்சுகளோடு கூடிச் செய்யுமாறு வேண்டப்படுகிறது: சிக்னல் எட்டாத ஒவ்வொரு தோட்டப் பிரிவும் (டிவிஷனும்) கணக்கெடுக்கப்பட்டு அதன் பட்டியல் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும், மண்சரிவு அபாயமுள்ள ஒவ்வொரு தோட்டத்திலும் துரையின் மேசையிலன்றி மக்கள் கைக்கெட்டும் இடத்தில் ஒரு செய்மதித் தொலைபேசி வைக்கப்பட வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பெயரிலேயே ஒரு முகவரி வழங்கப்பட வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

இப்படிக்கு,
இன்னும் தரையிறங்காத,
ஊவாத் தோட்ட மக்கள்.