நெடில் குறில் நொண்டி

ஷோப்பானின் 'ஃபேன்டசி இம்ப்ராம்ப்டு'வில் முதல் இரண்டு பாரைப் பியானோவில் வாசிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அங்கே இருப்பது ஒரே ஒரு ஆக்டேவ். ஓங்கி அடித்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும். மூன்றாவதில் இடது கை ஓடத் தொடங்கும். ஐந்தாவதில் வலது கையும் சேரும்போது எங்கள் வீட்டில் கதவுகள் சாத்தப்படும்.

வலதில் சதுஸ்ரம், அதாவது நாலு; இடதில் திஸ்ரம், மூன்று. தனித்தனியே இரண்டும் சமர்த்து. சேர்த்துவிட்டால் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்து மூன்றரையில் வந்து நிற்கும். மிருதங்கம் வாசிக்கும் மச்சினன் இதைத் தொடையில் தட்டிக் காட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான்.

டீச்சர் சொல்லும் வைத்தியம்: மெட்ரோனோமை 50-இல் வை, பிசகாமல் வந்தால் 4 கூட்டு, பிசகினால் இறங்கு. நானும் 50-இல்தான் வைக்கிறேன். சற்று நேரத்தில் கை அரிக்கும். ஒரேயடியாக 100-க்குத் தாவிவிட்டு, மெட்ரோனோம் சரியில்லை என்று அதை அணைத்துவிடுவேன். தடுக்கும் இடத்தில் பெடலை மிதித்தால் எல்லாச் சுரமும் குழம்பித் தப்பு வெளியே தெரியாது. டீச்சருக்குத் தெரியும். "காலை எடுங்க சார்."

நெடில் குறில், நெடில் குறில் என்று நொண்டவிட்டு வாசிப்பது இன்னொரு பயிற்சி, விரல்கள் சீராகுமாம். எனக்கு நொண்டல் மட்டும் தங்கிவிட்டது.

இரவில் ஹெட்போன். எனக்கு ஷோப்பான் கேட்கும், கூடத்தில் இருப்பவர்களுக்குக் கட்டைகளின் லொடலொட சத்தம்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த அம்மா ஒரு நாள் கேட்டாள்: "அதே வரியில அதே இடத்துல தடுக்குறியே, பேப்பரை மாத்தவே மாட்டியாடா?"

1834-இல் எழுதிய இந்த உருப்படியை ஷோப்பான் உயிரோடிருந்தவரை அச்சேற்றவில்லை. வெளியிடாதவற்றை எரித்துவிடச் சொல்லிவிட்டு 1849-இல் போய்ச் சேர்ந்தார். நண்பர் ஃபோன்டானா கேட்கவில்லை, 1855-இல் வெளியிட்டுவிட்டார். நண்பன் பேச்சுக்கு மதிப்பிருந்தால் எங்கள் அபார்ட்மென்ட் பிழைத்திருக்கும்.

நல்லவேளை, நடுவில் மெதுவான ஒரு பகுதி உண்டு. பாடுவதுபோல இழைந்து போகும். விருந்தாளிகள் வந்தால் நேரே அங்கே போய்விடுவேன். கண்ணை மூடிக்கொள்வதும் உண்டு. போன வாரம் அண்ணன் பெண், "சித்தப்பா, யூடியூப்ல இதுக்கு முன்னாடி ஏதோ வேகமா வருமே?" என்றாள். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டிருக்காவிட்டாலும் எழுந்திருப்பேன்.