திரியாய் மாறிலி: காபரேற்றர்த் திருகு பற்றியும் லீற்றருக்கு எழுபது பற்றியும் ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

திரியாயிலிருந்து திருகோணமலை நகரம் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். போய்வர 90. கச்சேரி, பெரியாஸ்பத்திரி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்து என்று எதற்கும் அந்த 90ஐ ஓடியாக வேண்டும். 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், ஜூன் கடைசியில் 470 ஆனது. அடுத்த மாதம் கியூஆர் பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று விதித்தார்கள். பொருளியலார் இதை அந்நியச் செலாவணி நெருக்கடி என்றார்கள். எமக்கு இது ஒரு வகுத்தல் கணக்கு.

லீற்றருக்கு 45 ஓடினால் வாரத்தில் இரண்டு பயணம். 60 ஓடினால் மூன்றாம் முறையும் நகரத்துக்குப் போய்ச் சேரலாம். திரும்பும்போது நிலாவெளியோடு பெற்றோல் முடிந்துவிடும், மிச்சம் 30 கிலோமீற்றரும் உருட்டல்தான். மூன்று பயணமும் குறைவின்றி நிறைவேற லீற்றருக்கு 67.5 வேண்டும். இந்த எண்ணைத் ‘திரியாய் மாறிலி’ என்போம். எந்தக் கம்பனிச் சைக்கிளானாலும், எத்தனை வயதானாலும், சொந்தக்காரரைக் கேட்டால் “எழுபது ஓடுது” என்ற பதிலே ஏன் வருகிறது என்பது இப்போது விளங்கும். அது பொய் அன்று. கிட்டிய பத்துக்கு மட்டந்தட்டல்.

2. சொல்லாராய்ச்சி

‘காபரேற்றர்’ என்பது ‘கால் பரி ஏற்றர்’ என்பதன் மரூஉ என்று கொள்ள இடமுண்டு. பரி என்றால் குதிரை; எஞ்சினின் குதிரை வலுவைக் கால் பங்கு ஏற்றித் தருவதால் இப்பெயர். இவ்வளவு பொருத்தமான ஒரு முடிவைக் கைவிட மனம் வரவில்லை. எனினும் சொல் பிரெஞ்சுவழி வந்தது, கரியோடு சேர்த்தல் என்ற பொருளது என்று அகராதிகள் அடித்துச் சொல்கின்றன. தமிழில் கரி என்றால் யானையும் ஆகும். இரவில் புல்மோட்டை வீதியில் பயணித்தவர்களுக்கு அந்தப் பொருளும் உடனே நினைவுக்கு வரும்.

ஊர்ப்பெயர் அதைவிட ஆழமானது. ‘திரி ஆய்’ என்று பிரித்தால், திரியைப் போல் ஆவாய் என்றாகும். எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சித் தருவது திரி. ஆதியில் காபரேற்றர்களும் அப்படித்தான் இருந்தன. இங்கிலாந்தின் பழைய லான்செஸ்டர் கார்களில் பெற்றோல் திரிகளில் ஊறித்தான் காற்றோடு கலந்தது. பிரிக்காமல் படித்தாலோ, ‘திரியாய்’ முன்னிலை எதிர்மறை வினைமுற்று: நீ அலைய மாட்டாய். இதன் முக்கியத்துவம் ஆய்வின் இறுதியில் தெரியவரும்.

3. முன்னோர்

ஊரின் குன்றில் கிரிகண்டு சைத்தியத்தின் அருகே ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் எட்டாம் நூற்றாண்டளவில், கிரந்த எழுத்தில், சமஸ்கிருதத்தில் பொறித்தது. அது திரபுசர், வல்லிகர் என்ற வணிகக் கூட்டத்தாரைப் பேசுகிறது. கலவை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மரபுப்படி அவர்கள் பாய்மரத்தில் வந்த கடலோடிகள். காற்றையும் எரிபொருளையும் இன்ன விகிதத்தில் கலப்பது என்ற கேள்வியில், எரிபொருளை முற்றாக நீக்கிவிட்டுக் காற்றை மட்டும் வைத்துக்கொண்டவர்கள். அவர்களின் சிக்கனத்தை இன்றுவரை எந்த மெக்கானிக்காலும் எட்ட முடியவில்லை.

1893இல் ஹங்கேரியின் பாங்கியும் சோங்காவும் காபரேற்றருக்குக் காப்புரிமை பெற்றார்கள். தெருவில் பூ விற்ற பெண்ணொருத்தி ஒரு குழலால் ஊதிப் பூக்களுக்குத் தண்ணீர் தூவியதைக் கண்டுதான் அந்த யோசனை பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். சட்டைக்கு அயன் பிடிக்க முன் வாய் நிறையத் தண்ணீர் எடுத்து ‘பூ’ என்று தூவும் அப்பாவை நாம் நாற்பது வருடம் பார்த்திருந்தோம். ஒரு காப்புரிமையும் பிறக்கவில்லை.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் வன்னியும் யாழ்ப்பாணமும் இத்துறைக்குச் செய்த பங்களிப்பு தனி நூலுக்குரியது. சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்புவார்கள். அது விழித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை எழும்பும். பிள்ளைக்குச் சீனியைக் காட்டிவிட்டுக் கசப்பு மருந்தைப் பருக்குகிற அதே நுட்பம்.

4. இரு சம்பிரதாயங்கள்

காபரேற்றரின் விலாவில் ஒரு சிறு பித்தளைத் திருகு உண்டு. அதைப் பற்றி ஊரில் இரண்டு கொள்கை. இறுக்கினால் பெற்றோல் மிச்சம் என்பர் ஒரு சாரார். தளர்த்தினால்தான் மிச்சம் என்பர் மறுசாரார். இவ்விரு சாராரும் ஒரே தேநீர்க் கடையில் ஒரே வாங்கில் இருப்பதில்லை.

இச்சிக்கலை நாம் தீர்த்துவைக்கிறோம். திருகு எயர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை ஆள்வது. தளர்த்தினால் காற்று கூடும், கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோலை ஆள்வது, இறுக்கினால்தான் மெலியும். இரு சாராரும் தத்தம் சைக்கிளைப் பற்றி உண்மையையே பேசினார்கள். பிழை, அடுத்தவருடைய சைக்கிளைத் திருகியதில்தான்.

மெலிவுக்கும் எல்லை உண்டு. ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 16 வரை போனால் சிக்கனம். அதையும் தாண்டினால் எஞ்சின் கொதிக்கும், பிளக் வெள்ளையாய் வெளிறும், பிஸ்டன் இறுகும். மிச்சம் பிடித்த பெற்றோல் காசு போர் அடிக்கும் கூலிக்குக் காணாது. பிளக்கில் கரி படிந்தால் கலவை கொழுப்பு. தேநீர்க் கடைப் பிளேன்ரீ நிறம் வந்தால் சரி.

5. பரிசோதனை

எமது 100 சிசிச் சைக்கிளின் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பி, நகரம் போய்வந்து, திரும்பவும் கழுத்துவரை நிரப்பினோம். 48 வந்தது. எஞ்சினைச் சூடாக்கி, திருகை மெல்ல அடிவரை இறுக்கி, இரண்டு சுற்றுத் தளர்த்தி, எஞ்சின் ஒரே சீராக ஓடும் இடத்தில் நிறுத்தி, மறுபடி ஓடினோம். 49. எதிர்க்காற்றுக் குறைந்தாலே இந்த ஒன்று வந்துவிடும்.

பிறகு திருகைத் தொடவில்லை. எயர் பில்டரில் இருந்த செம்மண்ணைத் தட்டினோம். ரயருக்குக் காற்றடித்தோம். உரசிக்கொண்டிருந்த பின் பிரேக்கைத் தளர்த்தினோம். செயினுக்கு எண்ணெய் விட்டோம். வலது மணிக்கட்டை அடக்கி 45 வேகத்தில் போனோம். 57.

காரணம் எளிது. அந்தத் திருகின் ஆட்சி ஐட்லிங்கிலும், அக்சிலேற்றரின் முதற் கால்வாசியிலும்தான். வீதியில் ஓடும்போது நீடிலும், முழுக்க முறுக்கினால் மெயின் ஜெட்டும் பொறுப்பெடுக்கும். ஆகவே திருகால் மிச்சமாகும் பெற்றோல், சைக்கிள் நிற்கும்போது மிச்சமாகும் பெற்றோலே.

6. முடிபு

நகரத்துக்கு அப்பால் சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் ஏறத்தாழ நூறு. ஒன்று ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். ஒரு தாங்கியை நிரப்பித் தந்தால், வாரம் 4 லீற்றர் வீதம் எமக்கு ஐம்பத்தேழாயிரம் ஆண்டுக்கு மேல் காணும். அவற்றைக் கடந்தும் போய்வந்திருக்கிறோம். ஒருநாளும் கழுத்துவரை நிரம்பி வந்ததில்லை. ஆகவே ஊர்ப்பெயரின் இலக்கணப் பொருளே மிகச் சிறந்த சிக்கன வழி என்று நிறுவப்படுகிறது.

இம்முடிபை எழுதிக்கொண்டிருந்தபோது அயல்வீட்டுத் தம்பி படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

“என்ன அண்ணை, இப்ப லீற்றருக்கு எவ்வளவு ஓடுது?”

“எழுபது” என்றோம்.

“எழுபதுதானோ?” என்று இரங்கினார். பிறகு எயர் ஸ்குரூவைப் பற்றி அரை மணித்தியாலம் விளக்கினார். அவ்வளவு நேரமும் அவருடைய எஞ்சின் வெகு சீராக ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருந்தது. திருகு சரியாகத்தான் வைத்திருக்கிறார்.