பிங்கோவுக்கு ஒரு தத்துவம்

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். அமெரிக்காவில் கூத்தாடிகளே ரெண்டுபட்டார்கள். கொண்டாட்டம் கணக்குப்பிள்ளைக்குப் போயிற்று.

அங்கே ‘தெரப்யூட்டிக் ரிக்ரியேஷன்’ என்றொரு தொழில் உண்டு. பட்டம், பயிற்சிக்காலம், தேர்வு எல்லாம் முடித்து, 1981-ல் தொடங்கிய தேசியச் சான்றளிப்புக் குழுவின் முத்திரையும் வாங்கிவிட்டால் பக்கவாதம் வந்தவரோடு சீட்டாடலாம். முதுகுத்தண்டு முறிந்தவரைச் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடவைக்கலாம். நான் சிரிக்கவில்லை. படுக்கையில் கிடப்பவருக்கு மாத்திரைக்கு அடுத்தபடி வேண்டியது பொழுது. ஒரே சுவரைப் பார்த்துக் கிடப்பது நோயாளியை வதைக்கும் என்று நைட்டிங்கேல் அம்மையார் 1859-லேயே எழுதிவிட்டார். முதல் உலகப் போரில் காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களுக்குப் பாட்டும் விளையாட்டும் கொண்டுபோன செஞ்சிலுவைச் சங்கத்துப் பெண்கள், அதற்கு முன்னால் தத்துவம் எதையும் தீர்மானித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தத்துவம் பின்னால் வந்தது. விளையாட்டு மருந்தா, இல்லை விளையாட்டு விளையாட்டேதானா? குணப்படுத்த ஆடுகிறோமா, ஆடுவது மனிதனின் உரிமை என்பதால் ஆடுகிறோமா? 1966-ல் பழைய அமைப்புகள் ஒன்றுசேர்ந்து தேசியச் சங்கம் கண்டார்கள். வாதம் ஓயவில்லை. 1982-ல் ஒருவழியாகத் தத்துவ அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் துறை அறிஞர்கள் பீட்டர்சனும் கன்னும் போட்ட மூன்று படிக்கட்டுதான் அதன் முதுகெலும்பு: முதலில் சிகிச்சை, அடுத்து ஓய்வைக் கழிக்கக் கற்பது, கடைசியில் தன் இஷ்டப்படி ஆடுவது. முதல் படியில் கடிவாளம் சிகிச்சையாளர் கையில். மேலே போகப்போக அது நோயாளி கைக்கு மாறும். நல்ல யோசனை. படிக்கட்டில் ஏற நோயாளிக்கு நாள்தான் வேண்டும்.

அந்த நாளைத்தான் அடுத்த வருஷமே பிடுங்கினார்கள். 1983-ல் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு, பொது மருத்துவமனைகளுக்கு இன்ன நோய்க்கு இவ்வளவு என்று மொத்த விலை கட்டியது. ஆளைச் சீக்கிரம் வெளியே அனுப்பினால் மருத்துவமனைக்கு லாபம். முதல் படியில் கால் வைப்பதற்குள் டிஸ்சார்ஜ் சீட்டு வந்துவிடும். தத்துவவாதிகளுக்கு இது கண்ணில் பட்டதா? 1984-ல் ‘சிகிச்சையே’ கட்சி பிரிந்துபோய்த் தனிச் சங்கம் தொடங்கியது. கொல்லையில் வெள்ளம் ஏறுகையில் திண்ணை யாருக்கென்று பங்காளிச் சண்டை.

சிகிச்சை என்று சொன்னால் காசு வரும் என்பது அந்தக் கட்சியின் சொல்லாத தத்துவம். அதற்காகச் சிரிப்பையும் அளந்தார்கள். ‘நோயாளி அரைமணிக்குள் இரண்டு பேரிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பார்’ என்று முன்கூட்டி இலக்கு எழுதவேண்டும், பிறகு எண்ணவேண்டும். மூன்றாமவரிடமும் பேசிவிட்டால் அது சிகிச்சையா, வெறும் சந்தோஷமா? அறிஞர்கள் கட்டுரை எழுதலாம். சுதந்திரமாகச் செய்கிறோம் என்ற உணர்வுதான் ஓய்வின் உயிர் என்று உளவியலாளர் நியூலிங்கர் 1974-ல் எழுதியிருந்தார். அந்த உணர்வைத்தான் பத்து மணி முதல் பத்தேமுக்கால் வரை, வருகைப் பதிவோடு வழங்கினார்கள்.

இத்தனை வேஷம் கட்டியும் தட்டில் விழுந்தது என்ன? 2010 ஜனவரியில் மெடிகேர் புது விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. மறுவாழ்வு மருத்துவமனையில் சேரும் நோயாளிக்குப் பொதுவாக நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் தீவிரச் சிகிச்சை வேண்டும். எதெல்லாம் அந்தக் கணக்கில் சேரும்? உடலியக்கச் சிகிச்சை, செயல்வழிச் சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, செயற்கை உறுப்புச் சிகிச்சை. விளையாட்டு கிடையாது, வேண்டுமானால் மேற்கொண்டு கொடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மணியில் எண்ண மாட்டோம். ஐம்பது வருஷ வாதத்துக்கு ஒரு வரித் தீர்ப்பு. எழுதியவர் அரிஸ்டாட்டில் இல்லை, அலுவலக அதிகாரி. அதே 2010-ல் 1966-ன் பழைய சங்கமும் கலைந்தது.

முதியோர் இல்லத்துக்கு வாருங்கள். 1987-ன் மத்தியச் சட்டப்படி, ஒவ்வொருவரின் விருப்பத்துக்கும் ஏற்ற செயல்பாடுகள் அங்கே இருந்தாக வேண்டும். உயர்ந்த சட்டம்தான். ஆனால் அதை நடத்துபவர் முத்திரை பெற்றவராக இருக்கவேண்டும் என்பதில்லை. மாநிலம் ஒப்புக்கொண்ட ஒரு பயிற்சி வகுப்பை முடித்தவரும் போதும். இல்லத்து முதலாளிக்கு இரண்டாமவர்தான் மலிவு. படித்தவர்களின் மூன்று படிக்கட்டு நூலகத்தில் தூங்க, கூடத்தில் ஒற்றை ஆள் நாற்பது நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். பாவம், அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ‘ஒவ்வொருவரின் விருப்பம்’ நாற்பது பேருக்கும் ஒரே விருப்பமாகி, அதற்கு பிங்கோ என்று, மைக்கில் எண் கூப்பிட்டு ஆடும் ஆட்டத்தின் பெயரை வைத்தாகிவிட்டது.

பிற்பகல் இரண்டு மணி. ஜன்னலோரம் ஒரு கிழவர் வரமாட்டேன் என்கிறார். மரத்தில் அணில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். யாரும் சொல்லித்தராமல், யாரும் அளக்காமல், தன் இஷ்டப்படி. மூன்றாம் படியில் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரே ஆளின் பெயருக்கு எதிரே ‘மறுத்தார்’ என்று குறித்துவிட்டு, நாற்காலியின் பூட்டை விடுவித்துக் கூடத்துக்குத் தள்ளுகிறார்கள். சோதனைக்காரர்கள் வரும் வாரம்; தலை எண்ணிக்கை குறையக் கூடாது.

“பி ஒன்பது” என்று கூப்பிடுகிறது மைக்.