அங்கீகரிக்கப்படாத கையால் ஒரு மனு

பெறுநர்: மேலாளர், அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம், புகழ்பெற்ற சுவிஸ் கடிகார நிறுவனம். (பெயரை எழுதவில்லை. அதற்கும் உரிமத்தொகை கேட்பீர்களோ என்ற பயம்.)

பொருள்: அப்பாவின் சாவி கொடுக்கும் வாட்ச்சைத் தங்களிடமிருந்து மீட்டுக்கொள்ள அனுமதி கோருதல் தொடர்பாக.

பார்வை: தாங்கள் அனுப்பிய கொட்டேஷன்.

மதிப்பிற்குரிய ஐயா,

கொட்டேஷன் கிடைத்தது. அந்தத் தொகைக்குப் பழைய சந்தையில் இதே வாட்ச் இரண்டு வாங்கலாம். அதில் ஒன்றாவது ஓடும்.

டயல் மாற்றம், முள் மாற்றம், கேஸ் பாலிஷ் மூன்றும் கட்டாயம் என்று போட்டிருக்கிறீர்கள். டயல் பழுப்பேறியது ‘குறைபாடு’ என்கிறீர்கள். முள்ளில் இருப்பது ரேடியம், அபாயம் என்கிறீர்கள். இது நியாயம்தான், 1960கள் வரை பூசியது நிஜமான ரேடியம், கதிரியக்கம் உண்டு. ஆனால் பழைய டயலும் கழற்றினால் திரும்ப வராது என்கிறீர்களே, அது எந்த அபாயத்திலிருந்து என்னைக் காப்பாற்ற? டயல், முள், கேஸில் விழுந்த கீறல் எல்லாம் போனபிறகு அந்த வாட்ச்சில் அப்பாவுடையது என்று மிஞ்சப்போவது ரசீதில் இருக்கும் என் இனிஷியல் மட்டும்தான்.

‘வெளியாட்களிடம் கொடுக்க வேண்டாம்’ என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருக்கிறீர்கள். ஐயா, உங்களிடம் வருவதற்கு முன்பே ஒரு வெளியாளிடம் காட்டியாகிவிட்டது. பாரிமுனைப் பக்கம் மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுதான் கடை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தவர், வாட்ச்சை நேராகவும் கவிழ்த்தும் பிடித்துப் பேலன்ஸ் வீல் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாமணத்தால் லேசாக அசைத்தார். “ஸ்டாஃப் முனை தேஞ்சிருக்கு சார். அது ஒண்ணு கிடைச்சா மாத்திடலாம். கம்பெனில வெளியாளுக்குத் தர மாட்டாங்க.”

ஸ்டாஃப் என்பது பேலன்ஸ் வீலின் அச்சு; அதன் முனை கிட்டத்தட்ட தலைமுடி கனம். அதன்மேல்தான் சக்கரம் மணிக்கு 18,000 தடவை, நாளொன்றுக்கு 4,32,000 தடவை துடிக்கிறது. எண்ணெய் காய்ந்தும் ஓட்டினால் தேயாமல் என்ன செய்யும்?

உதிரிபாகம் தருவதில்லை, ஆகவே அவரால் ரிப்பேர் செய்ய முடிவதில்லை, ஆகவே வெளியே திறமையான ஆளே இல்லை. ஊர்க்கிணற்றுக் கயிற்றை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஊரில் ஒருவனுக்கும் தண்ணீர் இறைக்கத் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள்.

ஐரோப்பாவில் சட்டம் உங்கள் பக்கம் என்பதும் தெரியும். ஐரோப்பாவின் வாட்ச் ரிப்பேர்காரர் சங்கங்களின் கூட்டமைப்பு, இதே உதிரிபாக விவகாரத்தில் பெரிய கம்பெனிகள்மேல் 2004இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2008இல் ஆணையம் தள்ளியது. தள்ளியது செல்லாது என்று 2010இல் நீதிமன்றம் சொன்னது. 2014இல் ஆணையம் மறுபடியும் தள்ளியது; 2017இல் நீதிமன்றம் அதைச் சரி என்றது. தரத்தைக் காக்கவும் போலியைத் தடுக்கவும்தான் இந்தக் கட்டுப்பாடு என்ற வாதம் எடுபட்டது. பதின்மூன்று வருஷ வழக்கு. அதற்குள் நல்ல வாட்ச்சுக்கே இரண்டு மூன்று சர்வீஸ் ஆகியிருக்கும்.

வெளியாட்கள் எல்லோரும் மகான்கள் என்று நான் சொல்லவில்லை. பிரிக்காமலே மெஷினைப் பெட்ரோலில் முக்கி எடுத்து, ‘ஆயில் சர்வீஸ்’ என்று பத்து நிமிஷத்தில் கையில் கொடுக்கிறவர்கள் உண்டு. பழைய டயலுக்குப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்து விற்கும் ‘பம்பாய் ஸ்பெஷல்’ உலகப் பிரசித்தம். (டயலை மாற்றியே தீருவோம் என்கிற நீங்கள் அவர்களைக் கண்டிப்பதுதான் வேடிக்கை.) நான் சொல்பவர் முழுக்கப் பிரித்துக் கழுவுகிறவர், நாலைந்து நாள் ஓட்டிப் பார்க்காமல் தராதவர்.

உங்கள் கொட்டேஷனை அவரிடம் காட்டினேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தொகையைப் படித்தார். “கொண்டாங்க சார். லேத்துல கடைஞ்சு போட்டுக்கலாம். கொஞ்சம் நாளாகும், பரவாயில்லையா?”

ஆகவே, பார்வையில் கண்ட கொட்டேஷனை ரத்து செய்து, வாட்ச்சை டயலோடும் முள்ளோடும் அழுக்கோடும் திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ‘இனி எங்கள் பொறுப்பல்ல’ என்ற உங்கள் முத்திரையை ரசீதில் தாராளமாகக் குத்தலாம். கை ஓயவில்லை என்றால் உங்கள் மையம் இருக்கும் மாலின் பார்க்கிங் டோக்கனிலும் ஒரு குத்துக் குத்திவிடுங்கள். முத்திரை இருந்தால் கட்டணம் கிடையாதாம்.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் வாடிக்கையாளர்